பதினொரு பேரின் சதவீதம்

நகர்மன்றக் கூட்ட அறையின் சுவரில் எண்பத்திரண்டு என்ற எண் ஓர் ஆள் உயரத்துக்கு ஒளிர்ந்தது. பக்கத்தில் சதவீதக் குறி. கீழே, தூசு படிந்த ஒரு காலி நாற்காலியின் படம். அந்த நாற்காலி எந்த ஊருடையதோ யாருக்கும் தெரியாது. கிளை நூலகத்துடையது இல்லை என்பது மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நூலகருக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய நூலகத்தில் அவ்வளவு உருப்படியான நாற்காலி ஒன்றுகூடக் கிடையாது.

படம் காட்டிக்கொண்டிருந்தவர் கட்டடக் குழுவின் தலைவர். ஊரில் அவரைச் ‘சதவீதம்’ என்றால்தான் தெரியும். சதவீதம் சேர்க்காமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. ஒரு கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்து, தொண்ணூற்றைந்து சதவீதம் பொருத்தமான ஜோடி என்று வாழ்த்தி, மீதி ஐந்து என்னவாக இருக்கும் என்று பெண்ணின் அப்பாவை ராத்திரி முழுக்க யோசிக்க வைத்தவர்.

“நம்ம ஊர்ல நூறு பேர்ல எண்பத்திரண்டு பேர் வருஷத்துல ஒருநாள்கூட லைப்ரரிக்குள்ள கால் வைக்கல,” என்றார். “இத நான் சொல்லல. தேசிய ஆய்வு சொல்லுது.”

தேசிய ஆய்வு என்ற சொல் காதில் விழுந்ததும் உறுப்பினர்கள் பதினாறு பேரும் தலையாட்டினார்கள். அந்தப் பதினாறு பேரில் நூலக அட்டை வைத்திருந்தவர்கள் மூவர். இருவர் எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தராதவர்கள். மூன்றாமவர் எடுக்கவே இல்லை. நூலகத்தை மூடிவிட்டுக் கட்டடத்தை நகர அழகுபடுத்தும் பிரிவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது தீர்மானம். ஊரை அழகுபடுத்துகிறவர்களுக்கு உட்கார இடமில்லையாம். அடுத்த மாதக் கூட்டத்தில் வாக்கெடுப்பு என்று அறிவித்துவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

நூலகர் டீ குடிக்கவில்லை. அவளுக்கு வயது நாற்பத்தேழு. பத்தொன்பது வருடமாக அதே கிளையில், அதே மேசையில் இருக்கிறாள். முகத்தில் சிரிப்பு வருவது அபூர்வம். வந்தாலும் எதிரே இருப்பவர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாளோ என்று சங்கடப்படுகிற வகைச் சிரிப்பு. அன்று அவள் சிரிக்கவில்லை. நேராக நூலகத்துக்கு வந்து, கிழட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி, அந்தத் தேசிய ஆய்வின் முழு அறிக்கையைத் தேடி எடுத்தாள்.

முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கம். ‘மக்களின் வாசிப்பும் பொது நூலகப் பயன்பாடும்’ என்று தலைப்பு. இதை முதலிலிருந்து கடைசி வரை படித்தவர்கள் நாட்டில் நான்கைந்து பேர் இருந்தாலே அதிகம் என்று நாற்பதாம் பக்கத்திலேயே அவளுக்குத் தோன்றியது. எழுதியவர்கள் அந்தக் கணக்கில் வருவார்களா என்பதும் சந்தேகம். ஆனாலும் விடவில்லை. மூன்று மதியங்கள், புத்தகம் திருப்பித் தருகிறவர்களுக்குத் தலை நிமிராமல் கையை மட்டும் நீட்டிக்கொண்டு, படித்து முடித்தாள்.

நாடு முழுவதற்குமான எண்கள் சதவீதம் சொன்னதுபோல் அழுது வடியவில்லை. நூற்றுக்குப் பத்தொன்பது பேர் ஒரு வருடத்தில் ஒருமுறையாவது பொது நூலகத்துக்குப் போயிருந்தார்கள். அதைவிட முக்கியம் நாற்பத்தோராம் அட்டவணை. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்துகிற நூலகங்களின் பக்கத்தில் வசிப்பவர்களில் நூற்றுக்குப் பதினாறு பேர் போயிருந்தார்கள். ஆறு மணிக்கு மேலும் திறந்திருக்கிற நூலகம் என்றால் முப்பத்துநான்கு பேர். ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு அதிகம் பேர் சொன்ன பதில் ‘எனக்குத் தேவையில்லை’ அல்ல. ‘நேரம் ஒத்துவரவில்லை’ என்பதுதான்.

அவள் பல்லைக் கடித்தாள். கிளை நூலகம் முன்பு எட்டு மணி வரை திறந்திருந்தது. மின்சாரம் வீணாகிறது என்று சொல்லி, மூன்று வருடம் முன்பு அதை ஐந்து மணியாக்கியவர் இதே சதவீதம்தான். ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் வேலையில் இருக்கும் நேரம் பார்த்துத் திறந்து வைத்துவிட்டு, ஏன் யாரும் வரவில்லை என்று இப்போது சுவரில் படம் போடுகிறார்.

எண்பத்திரண்டு எங்கே இருந்து வந்தது என்று தேடியபோது அது இருநூற்று ஏழாம் பக்கத்தில், பின்னிணைப்பில், எறும்பு போன்ற எழுத்தில் கிடைத்தது. ஊர்வாரிப் பட்டியல். அவர்கள் ஊரின் வரிசையில் பதில் அளித்தவர்கள் எண்ணிக்கை பதினொன்று. அதில் இல்லை என்றவர்கள் ஒன்பது. பதினொன்றில் ஒன்பது, எண்பத்திரண்டு சதவீதம். பட்டியலுக்கு அடியில், அதைவிடப் பொடி எழுத்தில், மண்டல அளவுக்குக் கீழே இந்த எண்களைத் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம் என்று ஆய்வு செய்தவர்களே கேட்டுக்கொண்டிருந்தார்கள். சதவீதம் அவர்கள் பேச்சையும் கேட்கவில்லை.

அடுத்த பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. ஒவ்வோர் ஊரிலும் எந்தப் பகுதியில் வீடு வீடாகக் கேட்டார்கள் என்ற விவரம். அவர்கள் ஊருக்கு ஏழாவது வார்டு, மூன்றாம் பகுதி. அதைப் படித்துவிட்டு அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தாள். அது அவளுடைய தெரு. போன வருடம் வாசல் தூணில் யாரோ ஒட்டிவிட்டுப் போன நீல ஸ்டிக்கரைக் கொசு மருந்து அடிக்கிறவர்கள் ஒட்டியதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கே போய்விட்டாள். ஒரு பிரேமின் காதில் கண்ணுக்குத் தெரியாத ஆணியைத் திருகிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கடைக்கு வருவது வருடத்துக்கு ஒருமுறை நடந்தால் உண்டு.

“போன வருஷம் வீட்டுக்கு யாராவது கணக்கெடுக்க வந்தாங்களா?”

“வந்துச்சே ஒரு பொண்ணு. கையில பெரிய போன வச்சுத் தட்டிக்கிட்டே கேட்டுச்சு. நீ வேலைக்குப் போயிருந்தே.”

“லைப்ரரி பத்திக் கேட்டாங்களா?”

“என்னமோ கேட்டுச்சு. ஒரு வருஷத்துல போயிருக்கீங்களா, வீட்ல யாராச்சும் போவாங்களான்னு. இல்லைன்னேன்.”

“வீட்ல யாரும் போறதில்லைன்னு சொன்னீங்களா?”

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். “நீ போறது வேலைக்கு. அது போறதுல சேருமா?”

அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் இருபத்திரண்டு வருடத்தில் அவருக்குப் பழகியிருந்ததால் தானாகவே மேலும் விளக்கினார். ஆமாம் என்றால் இன்னும் பதினான்கு கேள்வி இருக்கிறது, இல்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம் என்று அந்தப் பெண்ணே சொன்னதாம். அடுப்பில் பால் இருந்ததாம். நாட்டின் அறிவு வளர்ச்சி பற்றிய புள்ளிவிவரத்தில் தன் வீட்டுப் பாலுக்கும் ஒரு பங்கு இருப்பது தெரிந்துகொண்டு அவள் கடையை விட்டு இறங்கினாள்.

அன்று சாயங்காலமே தெருவில் நீல ஸ்டிக்கர் ஒட்டிய மற்றப் பத்து வீடுகளிலும் ஏறி இறங்கினாள். எதிர்வீட்டுத் தையற்காரி இல்லை என்று சொல்லியிருந்தாள். ஆமாம் என்றால் இரண்டு வருடமாகத் திருப்பித் தராத புத்தகத்தைக் கேட்பார்களோ என்று பயமாம். முனை வீட்டு ஓட்டுநர், இது ஏதோ வரி போடுவதற்கான கணக்கு என்று எண்ணி எல்லாவற்றுக்கும் இல்லை என்றிருந்தார். டிவி இல்லை, ஸ்கூட்டர் இல்லை, நூலகம் இல்லை. டிவி பின்னால் ஓடிக்கொண்டிருந்ததாம். இல்லை என்ற ஒன்பது பேரில் ஐந்து பேர் நூலக அட்டை வைத்திருந்தார்கள். ஆமாம் என்ற இரண்டு பேரில் ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். பத்தொன்பது வருடத்தில் நூலகத்தின் படியைக்கூட அவர் மிதித்ததில்லை. “இல்லைன்னா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?” என்று அவளிடமே கேட்டார்.

கைக்கு இவ்வளவு கிடைத்ததும் சதவீதத்தின் கண்ணில் விரலை விட்டு ஆட்டலாம் என்று அவள் துடித்தது உண்மை. அதற்குத் தன் எண்களை எடுத்து வைத்தால் போதும் என்று மறுநாள் காலை வருகைப் பதிவேட்டைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடினாள்.

பதிவேட்டில் திங்கள் நாற்பத்தைந்து. செவ்வாய் நாற்பத்தைந்து. புதன் நாற்பத்தேழு. வியாழன் நாற்பத்தைந்து. மூன்று வருடமாக அப்படித்தான். நேரத்தைக் குறைத்த கோபத்தில், இவர்களுக்கு எண்ணி வேறு கொடுக்க வேண்டுமா என்று அவள் எண்ணுவதையே நிறுத்தியிருந்தாள். ஐந்து மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வாய்க்கு வந்த எண்ணை எழுதுவாள். நடுநடுவே நாற்பத்தேழு போட்டது பார்க்க நிஜம்போல் இருக்க வேண்டும் என்பதற்காக.

நூலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா நேரடியாகக் கேட்டாள்.

“நீங்க எழுதுற நாப்பத்தஞ்சு யாரு மேடம்? நான் துடைக்கிற கால் தடமே நூத்துக்கு மேல இருக்கும்.”

நூலகருக்கு முகம் சுருங்கிவிட்டது. பதினொரு பேரை வைத்து ஊரையே அளந்தவர் மீது அவளுக்கு அத்தனை இளக்காரம். அவளோ ஒருவரைக்கூடக் கேட்காமல் மூன்று வருடம் அளந்திருக்கிறாள். சதவீதத்தின் எண்ணுக்காவது பின்னால் பதினொரு மனிதர்கள் இருந்தார்கள்.

அந்த வார இறுதியில் வாசகர் வட்டம் கூடியது. வட்டத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர், மேல்துண்டு போல எப்போதும் ஒரு கவிதையைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறவர். நூலகத்துக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தனிக் களை வந்திருந்தது. புத்தக வாசனை பற்றி இருபது நிமிடம் பேசினார். பக்கங்களின் சரசரப்பு பற்றிப் பேசினார். நூலகம் அறிவின் கருவறை என்றார். வாசலில் எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றிக் கவிதை படிக்கலாம் என்றார். கேட்டுக்கொண்டிருந்த பதினேழு பேரும் கண்ணைத் துடைக்காத குறை. அந்தப் பதினேழு பேரில் ஒருவரும் கடந்த எட்டு மாதத்தில் ஒரு புத்தகம்கூட எடுக்கவில்லை என்பதைக் கடன் பதிவில் முந்தின நாள்தான் அவள் பார்த்திருந்தாள். வாசனைக்குக் கடன் அட்டை தேவையில்லைதான்.

மெழுகுவத்தி வேண்டாம், கேள்வித்தாளோடு ஊருக்குள் இறங்க ஆள் வேண்டும் என்று அவள் சொன்னாள். தேசிய ஆய்வு கேட்ட அதே கேள்வி, ஒரு சொல் மாறாமல். அதே பன்னிரண்டு மாதம், அதே பதில் பட்டியல். அப்போதுதான் நாட்டின் எண்ணோடு ஊரின் எண்ணை ஒப்பிட முடியும் என்று விளக்கினாள். காய்கறிச் சந்தை, பேருந்து நிறுத்தம், அரசு மருத்துவமனையின் வெளிநோயாளி வரிசை, துணி ஆலை வாசல் என்று நான்கு இடம் குறித்து வைத்திருந்தாள். யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் வட்டத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முழங்கால் வலி வந்துவிட்டது. பேராசிரியர், தான் கவிதையில் கவனம் செலுத்துவதாகப் பெருந்தன்மையோடு சொன்னார்.

கடைசியில் போனவர்கள் இரண்டு பேர்தான். அவளும், பெருக்குகிற அக்காவும். விடுமுறை நாட்களிலும் மதிய இடைவேளைகளிலும், இரண்டு வாரம். அக்காவுக்கு எழுதுவது வேகமாக வராது. அவள் கேட்பாள், நூலகர் எழுதுவாள். அதுவே நல்லதாகப் போயிற்று. நூலகர் கேட்டால் ஜனங்கள் தப்பு செய்தவர்கள்போல் பின்வாங்கினார்கள். அக்கா கேட்டால் கொட்டினார்கள். ஆலை வாசலில் ஒரு பெண், ஐந்து மணிக்குச் சாத்துகிற இடத்துக்கு ஆறு மணிக்கு வேலை முடிகிறவள் எப்படிப் போவது என்று இவர்களைப் பார்த்துச் சண்டைக்கே வந்துவிட்டாள். அக்கா அமைதியாக, “அதையேதான் எழுதுறாங்க, நீங்க சொல்லுங்க,” என்றாள்.

நானூற்றுப் பன்னிரண்டு பேர் பதில் சொன்னார்கள். அறுபது பேர் கையை வீசிவிட்டுப் போனார்கள். அதையும் தனியாகக் குறித்துக்கொண்டாள். நூலகத்துக்கு வந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுப் பதினொன்று, அதாவது நூற்றுக்கு இருபத்தேழு. நாட்டின் பத்தொன்பதைவிட எட்டு அதிகம். வராத முந்நூற்றொருவரில் நூற்று நாற்பது பேர் நேரம் ஒத்துவரவில்லை என்றார்கள்.

இதைக் கேட்டுப் பேராசிரியர் பூரித்துப் போனார். ஆனால் அடுத்த பக்கத்தைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. எதற்காக வந்தீர்கள் என்ற கேள்விக்கான பதில்கள் அங்கே இருந்தன. புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் வந்தவர்கள் முப்பத்தெட்டு. வேலை விண்ணப்பமும் அரசுப் படிவமும் நிரப்ப வந்தவர்கள் இருபத்தொன்பது. சும்மா உட்கார வந்தவர்கள் பதினெட்டு. கழிப்பறைக்கு வந்தவர்கள் இருபத்தாறு.

“இந்த வரிய எடுத்துடுங்க,” என்றார் பேராசிரியர். “கருவறைக்குப் பக்கத்துல கழிப்பறையா? ஊர் சிரிக்கும்.”

“அந்த இருபத்தாறு பேரை எடுத்தா, வந்தவங்க எண்பத்தஞ்சு பேர்தான் சார். நூத்திப் பதினொன்னுன்னு சொல்லிட்டுக் காரணத்த மட்டும் மறைக்க முடியாது.”

“அப்ப எண்பத்தஞ்சுன்னே போடுங்க.”

“சொன்னவங்க நூத்திப் பதினொரு பேர்.”

அவர் எழுந்து போய்விட்டார். தன் பெயர் அந்த அறிக்கையில் எங்கேயும் வரக் கூடாது என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். வருவதாக இல்லவே இல்லை என்பதை அவள் அவருக்குச் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு சதவீதத்தின் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்று வருட வருகைப் பதிவேட்டின் நகல் வேண்டுமாம். பதிவேட்டைப் பக்கம் பக்கமாக நகல் எடுத்து உறையில் போட்டு அனுப்பினாள். அன்று வீட்டில், அனுப்பும் முன்பே தேதி பார்த்துச் சில எண்களை மாற்றியிருக்கலாமே என்று கணவர் மெதுவாகச் சொன்னார். அடுப்பில் பால் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள் என்று அவள் பதில் சொன்னாள்.

ஆனால் இரவெல்லாம் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்ததும் தன் அறிக்கையின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். அந்தக் கடிதம் வராமலிருந்தால் அப்படி எழுதியிருப்பாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

கூட்டத்தில் அவளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். சுவரில் மறுபடியும் அதே எண்பத்திரண்டு, அதே நாற்காலி. அவள் படம் எதுவும் கொண்டுபோகவில்லை. அச்சடித்த நான்கு பக்கத் தாள்களை எல்லோர் முன்னாலும் வைத்திருந்தாள். உறுப்பினர்கள் அதை விசிறிக்கொள்ளப் பயன்படுத்தினார்கள்.

“முதல்ல ஒரு விஷயம்,” என்றாள். “என்னோட வருகைப் பதிவேடு மூணு வருஷமா பொய். நான் எண்ணல. வாய்க்கு வந்தத எழுதினேன். அதுல இருக்கிற எந்த எண்ணையும் யாரும் நம்ப வேண்டாம்.”

விசிறல் நின்றது. சதவீதம் தன் மேசையில் அடுக்கி வைத்திருந்த பதிவேட்டு நகல்களைப் பார்த்தார். நாற்பத்தைந்துகளுக்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஒரு மணி நேரத்துக்குத் தேவையான கிண்டலோடு வந்திருந்தவர் பாவம், வாயைத் திறக்கும் முன்பே வேலை முடிந்துவிட்டது.

பிறகு அவள் எண்பத்திரண்டுக்கு வந்தாள். அது பதினொரு பேர் என்றாள். பக்க எண்ணையும் அடிக்குறிப்பையும் படித்துக் காட்டினாள். அந்தப் பதினொரு பேரில் ஒருவர் தன் வீட்டுக்காரர் என்றும், அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்ததால் இல்லை என்று சொன்னார் என்றும் சொன்னாள். அறை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அதே ஆய்வில் இருபதாயிரம் வீடுகளைக் கேட்டு வந்த எண்களை நம்பலாம், ஒரே தெருவைக் கேட்டு வந்த எண்ணை நம்ப முடியாது, வித்தியாசம் அவ்வளவுதான் என்றாள். நாற்பத்தோராம் அட்டவணையைச் சொன்னாள். தன் நானூற்றுப் பன்னிரண்டு பேரைச் சொன்னாள்.

சதவீதம் சுதாரித்துக்கொண்டு எழுந்தார். “சந்தையில நின்னு போறவங்க வர்றவங்களக் கேட்டா அது ஆய்வா? இதுலயும் தப்பு இருக்கும்ல?”

“இருக்கும். நின்னு பதில் சொன்னவங்களத்தான் கேட்டிருக்கேன். வீட்ட விட்டு வெளிய வராதவங்க இதுல இல்ல. எத்தனை பேர் பதில் சொல்லாம போனாங்கன்னும் நாலாம் பக்கத்துல இருக்கு. உங்க படத்துல அந்தப் பக்கம் இல்ல.”

யாரும் நாலாம் பக்கத்தைத் திருப்பவில்லை. நூலக நேரத்துக்கும் பயன்பாட்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி, மூன்று மதியங்கள் அவள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்ததைப் பற்றி, பதினாறு பேரில் ஒருவருக்கும் ஒரு கேள்வியும் இல்லை. மன்றத் தலைவி மட்டும் மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கணக்குப் போட்டே பேசுகிற அம்மாள். தேர்தலுக்கு ஏழு மாதம் இருந்தது.

“கழிப்பறைக்கு வர்ற இந்த இருபத்தாறு பேர் யாரு?”

“பெரும்பாலும் சந்தையில காய்கறி விக்கிற பொம்பளைங்க. அங்க அவங்களுக்கு இடமில்ல. காலையில நாலு மணிக்கு வந்துடறாங்க.”

“சந்தையில மொத்தம் எத்தனை பொம்பளைங்க இருப்பாங்க?”

அது அறிக்கையில் இல்லை. நூலகருக்குத் தெரியவில்லை. ஆனால் பதினாறு உறுப்பினர்களுக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் அறுநூறு என்றார். இன்னொருவர் வீட்டாட்களையும் சேர்த்தால் இரண்டாயிரம் ஓட்டு வரும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு இருமினார். அதுவரை அரைத்தூக்கத்தில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நூலகம் ஊரின் உயிர்நாடி என்று ஒருவர் சொன்னார். தாய்மார்களின் நலன் என்று இன்னொருவர் சொன்னார். அந்தக் கதவைப் பூட்டினால் சந்தைப் பெண்கள் யார் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்று மூன்றாமவர் கவலைப்பட்டார். சதவீதம் இரண்டு முறை எழுந்து இரண்டு முறை உட்கார்ந்தார். மூன்றாம் முறை எழுந்தபோது, தானும் இதைத்தான் நூறு சதவீதம் வலியுறுத்த வந்ததாகச் சொன்னார்.

தீர்மானம் கைவிடப்பட்டது. எதையாவது புதிதாக அறிவித்தாக வேண்டும் என்பதால், வாரத்தில் மூன்று நாள் எட்டு மணி வரை திறக்கலாம் என்றும் முடிவாயிற்று. அவளுடைய தாளில் அது இருந்தது, எடுப்பதற்குச் சுலபமாகவும் இருந்தது. அந்த அட்டவணையை அவர்கள் நம்பினார்கள் என்று அவள் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. வெளியே வந்ததும், மழை வரும்போல் இருந்த தெருவில் நின்று, ஜெயித்ததற்கு இவ்வளவு கசப்பு எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அக்காவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. எதுக்காகத் திறந்தா என்ன மேடம், திறந்திருக்குல்ல என்று சொல்லிவிட்டுப் பேருந்து பிடிக்கப் போனாள்.

பத்தாம் நாள் அவளுக்கு விளக்கக் கடிதம் கேட்டு உத்தரவு வந்தது. பொய்ப் பதிவு எழுதியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். கையெழுத்து சதவீதத்துடையது. கணவர் ஒரு வக்கீலைப் பார்க்கலாம் என்றார். அவர் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் பால் பொங்கியதா என்று விசாரித்ததில் அவரே நொந்துபோயிருந்தார். அவள் வக்கீலைப் பார்க்கவில்லை. குற்றச்சாட்டு உண்மை, விளக்கம் ஏதுமில்லை, இந்த மாதம் முதல் எண்ணுகிறேன் என்று மூன்று வரி எழுதி அனுப்பினாள். பணிக் கோப்பில் ஒரு கண்டனம் ஏறியது. பத்தொன்பது வருடத்தில் அந்தக் கோப்பை யாராவது திறந்து பார்த்தது அதுவே முதல் முறை.

மாலை நேரம் தொடங்கிய முதல் நாள் நூலகத்து வாசலில் ஒரு பெரிய பதாகை நின்றது. ‘தரவு வழி நடக்கும் மன்றம்’ என்று எழுதி, சதவீதத்தின் முகத்தை முழு அளவில் போட்டிருந்தார்கள். பேராசிரியர் வந்து, வட்டத்தின் அறவழிப் போராட்டம் வென்றதாக ஒரு கவிதை படித்துவிட்டு, புத்தகம் எதுவும் எடுக்காமல் போனார். போட்டோ எடுத்தவர்கள் ஐந்தரைக்குள் கலைந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஜனம் வந்தது. ஆலை விட்டு வந்த பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, இது நமக்குத்தானா என்ற சந்தேகத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பேருந்து நடத்துநர் ஒருவர் சீருடையோடு வந்து பத்திரிகையை விரித்தார். கதவுக்குப் பக்கத்தில் அக்கா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஒரு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு என்று போட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிக்குக் கால் மணி இருக்கும்போது மருத்துவமனைச் செவிலி ஒருத்தி ஓட்டமும் நடையுமாக வந்தாள். உறுப்பினர் ஆக வேண்டும், இன்றைக்கே புத்தகம் எடுத்துப் போக முடியுமா என்றாள். முகவரிச் சான்று இல்லை. மருத்துவமனை அட்டை மட்டும் கழுத்தில் தொங்கியது. விதிப்படி முடியாது. நூலகர் அந்த அட்டையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், படிவத்தில் முகவரிச் சான்று என்ற இடத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

செவிலி எடுத்து வந்தது செங்கல் கனத்துக்கு ஒரு துப்பறியும் கதை. மட்டமான புத்தகம், கொலை செய்தது யார் என்பது அறுபதாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். நூலகர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முத்திரையைக் குத்தி, திருப்பித் தர வேண்டிய தேதியைச் சொல்லிவிட்டு, வரிசையில் அடுத்து நின்றவரை நோக்கிக் கையை நீட்டினாள்.